தலைப்பும் கீழ்வரிகளும்

ஸ்ரீஸ்கந்தராசாவிடம் தேங்காய் வாங்கி வரச் சொன்னால்கூட முதலில் அதற்கு ஒரு தலைப்பு வைப்பார். தலைப்பின் கீழே எந்தக் கடை என்று ஒரு வரி. அதன் கீழே, போகிற வழியில் முடிக்கக்கூடிய மற்ற வேலைகள். அவற்றின் கீழே, மழை வந்தால் என்ன செய்வது. எல்லாம் எழுதி முடித்து அவர் கதிரையை விட்டு எழும்பும்போது அக்கா லீலாதேவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். மஹய்யாவவில், மாத்தளை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டில் கனகாலமாக இதுதான் நடந்தது.

அவரைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. மனைவி சத்தியபாமா அந்தக் கட்சிக்குத் தலைவி. ஆனால் அது நியாயமில்லை. சோம்பேறி வேலையைக் கண்டால் ஒளிவான். இவர் வேலைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்வார். ஒரு காரியத்தைப் பிரித்து, அடுக்கி, மேலே போட்டுக் கீழே போட்டுப் பார்ப்பதில் அவருக்கு இருந்த ருசி சோற்றில்கூட இருந்ததில்லை. அந்த ருசியை அவருக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு கொம்பியூட்டர் புரோகிராம்.

அவர் எண்பதாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தவர். தெல்தெனியப் பக்கம் மகாவலியை மறித்துப் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில், எந்த வேலை எந்த வேலைக்குப் பின்னால் வரவேண்டும் என்று நீளமான தாள்களில் கோடு போடுவது அவருடைய உத்தியோகம். தங்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அக்கா பத்து வருஷமாகக் கண்டியில் கணக்கு ரீச்சர். மஹய்யாவ வீட்டை அவர்தான் வாடகைக்கு எடுத்திருந்தார். தம்பி ஒரு சூட்கேசோடு வந்து முன்னறையில் இருந்தார். கல்யாணம் முடித்துச் சத்தியபாமாவையும் அங்கேயே கூட்டி வந்தார். மகள் தர்சினி பிறந்தாள். முன்னறையில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வீடு முழுக்கப் பரவ, அக்கா சாமியறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போனார். "அக்கா எங்களோடதான் இருக்கிறா" என்று ஸ்ரீஸ்கந்தராசா ஊருக்குச் சொல்லத் தொடங்கியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஒருவரும் அதைத் திருத்தவில்லை. அக்காவும் திருத்தவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் கண்டிக்கும் வந்தது. நகரத்துக் கடைகள் எரியும் புகை மேலே தெரிந்தபோது, பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் வேலிப் பலகையைக் கழற்றி இவர்களைக் கூப்பிட்டது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய நேரம். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்மா டின்னையும் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்தார். சத்தியபாமா நகைப்பெட்டியை எடுத்தார். ஸ்ரீஸ்கந்தராசா தையல் மெசினை எடுத்தார். அப்படித்தான் அவர் நினைத்தார். பின்வீட்டில் இறக்கி வைத்தபோதுதான் தெரிந்தது, அவர் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தது மெசினின் மர மூடியை மட்டும். மெசின் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

அன்று பின்னேரம் கலவரக்காரர் அவர்களுடைய சாமான்களை ஒழுங்கைக்கு இழுத்துக் கொளுத்தினார்கள். சான்றிதழ்கள், கல்யாண அல்பம், வரைகருவிப் பெட்டி, மெசின், எல்லாம் போயிற்று. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் அவருக்கென்று மிஞ்சிய ஒரே சொத்து அந்த மூடி. சத்தியபாமா அதன்மேல் குழந்தையின் துணி காயப்போட்டார். பிற்காலத்தில் யாராவது அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அது அவருக்கு ஆறாத வெட்கம்.

கலவரம் அடங்கியபின் அதே வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்காரரிடம் பேசி, கதவு ஜன்னல் போட்டு, அதைக் குடியிருக்கும்படி ஆக்கியது அக்கா. ஸ்ரீஸ்கந்தராசா அணை வேலைக்குத் திரும்பினார். வேலை முடியும் காலத்தில் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர் கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதில் ஒரு புரோகிராமைப் போட்டுக் காட்டினார். ஒரு வரி எழுதலாம். அதன் கீழே உள்தள்ளி இன்னும் பல வரிகள் எழுதலாம். ஒரு விசையைத் தட்டினால் கீழ்வரிகள் எல்லாம் மடிந்து தலைப்புக்குள் போய்விடும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு கூட்டல் அடையாளம் மட்டும் நிற்கும். அதுவரைக்கும் ஸ்ரீஸ்கந்தராசா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த மனிதர் மடித்த தலைப்பு ஒன்றைத் தூக்கிப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் விட்டு, திறந்து காட்டினார். கீழ்வரிகள் அத்தனையும், ஒன்று குறையாமல், கூடவே வந்திருந்தன.

"இன்னொருக்கா" என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார். அவர் செய்தார். பிறகு இவரே செய்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஒரு தலைப்பை மேலும் கீழும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதுவும் பின்னால் நின்றுவிடவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. திரை வெளிச்சம் பழக்கமில்லை என்று வெள்ளைக்காரர் நினைத்திருப்பார்.

அணை முடிந்து அந்த மனிதர் ஊருக்குப் போகும்போது கொம்பியூட்டரை இவருக்கே விட்டுப் போனார். புரோகிராமுக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. வீட்டில் அதை 'மடிப்பு' என்றார்கள். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஸ்ரீஸ்கந்தராசா தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதினார். கண்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேறு வேலை கிடைத்தது. அந்த வேலைகளும் மடிப்புக்குள் போயின. தர்சினியின் படிப்பு, கூரை ஒழுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்த காணி, ஷெல் விழுந்து இடம்பெயர்ந்த சொந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது, எல்லாம் போயின. ஊரடங்கு நாட்களில் மற்ற வீடுகளில் சீட்டுக் கடதாசி விளையாடினார்கள். இவர் தலைப்புகளைத் தூக்கி வைத்தார். மனம் சாந்தமாக இருக்கும்.

தொண்ணூற்றாறில் சத்தியபாமாவின் தமையன் ரொறன்ரோவிலிருந்து குடியேற்றப் படிவம் ஒன்றை அனுப்பினார். "எல்லாம் நான் பாக்கிறன். அத்தான் கையெழுத்து வைச்சு அனுப்பினால் போதும்" என்று ரெலிபோனிலும் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசா படிவத்தை வாசித்தார். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள். தலைவரின் அக்காவுக்கு அதில் இடமில்லை. அவர் படிவத்தை உறைக்குள் திரும்ப வைத்தார்.

"முதல்ல ஒழுங்காத் திட்டம் போடோணும், பாமா" என்றார். "சும்மா எடுத்தோம் கவிழ்த்தோம் எண்டு வெளிக்கிடேலாது."

சத்தியபாமா அதை நம்பினார், அல்லது ஒரு வருஷம் நம்பினார். உண்மை வேறு. அந்த மனிதருக்கு அக்காவை விட்டுப் போக மனம் வரவில்லை. கல்யாணம் செய்யாத அக்கா. தன் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்கா. இவர்கள் விமானம் ஏறினால் அந்த வீட்டில் ஒற்றை ஆளாய், சண்டை நடக்கும் நாட்டில், வயது போகப் போக என்ன செய்வார்? இதை வாய் திறந்து சொன்னால் மனைவிக்கும் அக்காவுக்கும் இடையில் என்ன வருமோ என்று பயம். ஆகவே சொல்லவில்லை. மடிப்பில் 'CANADA' என்று ஒரு தலைப்புப் போட்டு, கீழே எழுதிக்கொண்டே போனார். எழுதுகிறவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கண்டியில் தமிழர் வீடுகளைச் சோதித்தார்கள். இவர்களுடைய வீட்டுக்கும் பொலிஸ் வந்தது. அலுமாரியைக் கிளறி முடித்த அதிகாரி, கொம்பியூட்டரைப் பார்த்து "மேக மொகக்த?" என்று கேட்டார். இது என்ன என்ற அந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மடிப்பைப் பற்றி ஒருவர் விசாரிப்பது ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திரையைப் போட்டுக் காட்டினார். இங்கிலிஷ் எழுத்தில், இங்கிலிஷ் அல்லாத வரிகள் ஏழெட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கூட்டல்.

அதிகாரியின் முகம் மாறியது. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கூட்டலைத் திறந்தார். உள்ளே இன்னும் கூட்டல்கள். அவற்றையும் திறந்தார். திறக்கத் திறக்க வரிகள் பெருகின. அவருடைய உடைந்த சிங்களமும் பெருகியது. "எல்லாவற்றையும் ஒளித்து வைக்கலாம் சேர், வெளியில் ஒன்றும் தெரியாது" என்று புரோகிராமின் பெருமையை அவர் விளக்கியபோது, கூட வந்த பொலிஸ்காரர் வாசலை மறித்து நின்றார்.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருடைய சிங்களம் சந்தைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பழகிய சிங்களம். "இது என் தம்பி, மாத்தயா" என்றார். "செய்ய வேண்டிய வேலைகளை இதில் எழுதுவார். எழுதினால் செய்த மாதிரி என்று அவருக்கு நினைப்பு. வேண்டுமானால் பாருங்கள், கூரை ஒழுக்கு என்று எழுதி ஐந்து வருஷம். மேலே பாருங்கள், இன்னும் ஒழுகுகிறது."

அதிகாரி மேலே பார்த்தார். ஈரம் தெரிந்தது. தன் மச்சான் ஒருவனும் இப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தார். வீட்டாருடைய பொலிஸ் பதிவுத் துண்டை அக்கா எடுத்துக் காட்ட, பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் அக்கா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு மனத்தாங்கல் இரண்டு நாள் இருந்தது.

"இனியாவது கையெழுத்து வையுங்கோ" என்றார் சத்தியபாமா. "இனி என்ன நடக்கோணும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"திட்டம் முடியப்போகுது."

திட்டம் முடியவில்லை. மடிப்புத்தான் முடிந்தது. அடுத்த வருஷம் ஐப்பசி இடி மின்னலில் பெட்டி புகைந்து நின்றது. டிஸ்குகளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். கண்டிக் குளிருக்கு அவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் அழவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நகரத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த நளீரிடம் போனார். நளீர் நல்ல வியாபாரி, அதைவிட நல்ல மனிதர். புதுக் கொம்பியூட்டர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். பழைய பெரிய டிஸ்கைப் போட அதில் வாயே இல்லை.

"அதெல்லாம் மௌத்தாப்போன சாமான் சேர்" என்றார் நளீர். "இதுல எல்லாம் ஈக்கு. ஒங்கட மடிப்ப விட நல்லதா நூறு தாறன்."

அந்த வாக்கு நளீரைப் படாத பாடு படுத்தியது. முதலில் உலகமே பாவிக்கும் எழுத்துப் புரோகிராமைக் காட்டினார். அதில் தலைப்பும் கீழ்வரியும் வைக்க வழி இருந்தது. ஆனால் கேட்காமலே இலக்கம் போட்டது, கேட்காமலே எழுத்தைப் பெருப்பித்தது. வேலைக்கு வைத்தவன் எசமானைத் திருத்துகிறான் என்று ஸ்ரீஸ்கந்தராசா அதை விட்டார். அடுத்தது கணக்குப் போடும் கட்டங்கள். மடிந்தது, விரிந்தது. ஆசையோடு ஒரு தலைப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். தலைப்பு மட்டும் வந்தது. கீழ்வரிகள் அங்கேயே நின்றன.

"மூடி" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"என்ன சேர்?"

"ஒண்டுமில்லை. இது வேண்டாம்."

பிறகு ஒன்று, இடது பக்கம் தலைப்புகளும் வலது பக்கம் குறிப்புகளுமாகத் திரையை இரண்டாகப் பிளந்தது. ஒரு கண்ணால் வாசலையும் மறு கண்ணால் அடுப்பையும் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார். இன்னொன்று நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து கலர்க் கலராய் நூல் இழுத்து வட்டம் வட்டமாய்த் தொங்கவிட்டது. கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. அதில் யாரும் யோசிக்க முடியாது. ஒன்று மட்டும் எல்லாச் சோதனையிலும் தேறியது. ஸ்ரீஸ்கந்தராசா பயபக்தியோடு அதில் எழுதத் தொடங்கினார். ஒரு மாதம் முடிய, இனி டொலரில் காசு கட்டு என்று கதவைச் சாத்திக்கொண்டது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் சத்தியபாமா. பழமொழி சரியான இடத்தில்தான் விழுந்தது.

நளீர் கடையில் இன்ரநெற் வந்தபோது ஒரு புது உலகம் திறந்தது. பழைய மடிப்புப் புரோகிராம்களை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆட்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். அதைப்போல் ஒன்று இனி வராது என்று எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் எழுதியிருந்ததை ஸ்ரீஸ்கந்தராசா மூன்று தரம் வாசித்தார். மற்றவர்கள் மரண அறிவித்தல் வாசிப்பது போல ஞாயிறு தவறாமல் போய் வாசித்துவிட்டு வருவார். அங்கே அவருக்கு நிம்மதி இருந்தது. தேடும் வரைக்கும் திட்டம் இல்லை. திட்டம் இல்லாத வரைக்கும் படிவம் உறைக்குள் இருக்கும். அக்கா தனிக்க மாட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த நிம்மதிக்கு ஒரு முடிவு நாள் வந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த காலம் அது, ஆனால் நிலைக்கும் என்று நம்பியவர் குறைவு. சத்தியபாமாவின் தமையன் ரெலிபோன் எடுத்தார். தர்சினிக்கு வருகிற மாசியில் இருபத்திரண்டு முடிகிறது. அதற்குப் பிறகு அவளைப் பிள்ளையாகச் சேர்க்க முடியாது. பழைய படிவம் செல்லாது, புதிது அனுப்பியிருக்கிறேன், இதுதான் கடைசி என்றார்.

சத்தியபாமா இந்த முறை சண்டை பிடிக்கவில்லை. புதுப் படிவத்தை அவருடைய மேசையில் வைத்தார். "பிள்ளைக்குப் படிக்க விருப்பம். எனக்கு இனி ஓட ஏலாது. ஏன் மாட்டன் எண்டாவது ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். குரல் உடைந்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா படிவத்தைத் தாள்களுக்கு அடியில் தள்ளி வைத்தார். அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை பார்த்து நளீர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். கையில் ஒரு சீடி.

"சேர்ட நோய்க்கு மருந்து கெடச்சீக்கு. சும்மா குடுக்கிற சாமான், காசும் இல்ல, ஒரு மாசக் கணக்கும் இல்ல. நீங்களே சோதிச்சுப் பாருங்க."

ஸ்ரீஸ்கந்தராசா சோதித்தார். ஒரே திரை. எழுதினால் எழுதியபடி நின்றது. மடித்தார், மடிந்தது. தூக்கி இறக்கினார். எல்லாம் கூடவே வந்தது. தமிழ் எழுத்தையும் அது ஏற்றுக்கொண்டது. நளீர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா சேர்?"

"சரி" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. இத்தனை வருஷம் தேடியது கிடைத்த மனிதரின் முகம் அப்படி இருக்காது. நளீர் ஒன்றும் விளங்காமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இனிச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் சத்தியபாமாவும் தர்சினியும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா திரைக்கு முன் இருந்து, முதல் தடவையாகத் தமிழிலேயே, தன் பெயரைத் தலைப்பாக எழுதினார். அதன் கீழே பாமா. தர்சினி. அக்கா. தாங்கள் போய்விட்டால் அக்காவுக்கு யார் யார் என்ன என்ன செய்து கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார். அக்காவின் பெயருக்குக் கீழே உள்தள்ளினார்.

"அக்கா, கரண்ட் பில் இப்ப எங்க கட்டுறது?"

"கச்சேரிக் கந்தோருக்குப் பக்கத்தில. ஏன்?"

"சும்மா. காஸ் சிலிண்டர் ஆர் கொண்டு வாறது?"

"முன்கடைப் பொடியன். சொல்லிவிட்டால் வருவான்."

அவர் எழுதினார். வீட்டுக்காரர் வாடகைக்கு எப்போது வருவார் என்று கேட்டார். அவர் வருவதில்லை, அக்கா போய்க் கொடுக்கிறார். தண்ணீர் நின்றால் யாருக்குச் சொல்வது, பால் எங்கே எடுப்பது, பொலிஸ் பதிவு எந்த நாள் புதுப்பிப்பது, வவுனியாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு யார் கடிதம் போடுவது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா தலை நிமிராமல் பதில் சொன்னார். அக்காவின் பிறஷர் குளிசை எந்த மருந்துக் கடையில் வாங்குவது என்பதும் தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் எழுதினார். வரிகள் திரையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன.

அக்கா தட்டை வைத்துவிட்டு எழும்பி வந்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மேலிருந்து வாசித்தார்.

"இதென்ன, என்னைத் தர்சிக்குக் கீழ போட்டிருக்கிறாய்?"

"அது படிவத்தின்ர ஒழுங்கு, அக்கா. தலைவர், மனுசி, பிள்ளை."

"படிவத்தில நான் இல்லையே."

ஸ்ரீஸ்கந்தராசா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதாலதான் அக்கா நான் அனுப்பேல்லை. மடிப்புமில்லை, திட்டமுமில்லை. உங்களைத் தனிய விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை."

அக்காவுக்குக் கண்ணீர் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். வந்தது கோபம்.

"எனக்காகவோ? நான் எப்பவாவது உன்னட்டைக் கேட்டனானோ? அந்தப் பிள்ளை பாமா ஏழு வருசம் என்ர மூஞ்சியையும் உன்ர மூஞ்சியையும் பாத்துக்கொண்டிருந்தது இதுக்கோ?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்னை வெளியால எடு."

"எங்கயிருந்து?"

"உன்ர பேருக்குக் கீழ இருந்து. அதுக்கு உதில ஒரு வழி இருக்கும்தானே."

வழி இருந்தது. அவர் அக்காவின் வரியில் நின்று விசையைத் தட்டினார். அக்காவின் பெயர் இடது ஓரத்துக்கு நகர்ந்து, அவருடைய பெயருக்குச் சமமாக நின்றது. கீழ்வரிகள் எல்லாம் கூடவே நகர்ந்தன. வாடகை, வெளிச்சம், தண்ணீர், பால், பொலிஸ், வவுனியாச் சித்தப்பா, பிறஷர் குளிசை வரைக்கும். ஸ்ரீஸ்கந்தராசா என்ற தலைப்பின் கீழே இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சின. வேறு ஏதாவது உள்ளே மடிந்து கிடக்குமோ என்று ஒருமுறை விரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"செசிலியா ரீச்சரைத் தெரியும்தானே, என்னோட படிப்பிச்சவ" என்றார் அக்கா. குரல் இப்போது சாதாரணமாகிவிட்டது. "பென்சன் எடுத்த நாளிலயிருந்து எங்கட முன்னறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவவும் தனி. சேந்து இருப்பம் எண்டு கதைச்சு மூண்டு வருசம். நான்தான் பொறுங்கோ, பொறுங்கோ எண்டு கடத்திக்கொண்டு வாறன்."

"ஏன் அக்கா கடத்தினியள்?"

"ஏனோ? தம்பியை விட்டால் அவன் தனிச்சுப் போவான், அவனுக்கு ஒண்டும் செய்யத் தெரியாது, அவனாப் போற அண்டைக்குப் போகட்டும் எண்டு இருந்தனான்."

மழை கூரையில் பெய்தது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பயமாக இருந்தது. எண்பத்து மூன்றில்கூட அந்த மாதிரிப் பயம் இருந்ததில்லை. அன்றைக்கு அக்கா முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அக்கா தனிப்பார் என்று ஏழு வருஷம் படிவத்தைப் பொத்தி வைத்திருந்தவருக்கு, தனிக்கப்போகிறவர் யார் என்று இப்போது தெரிந்தது. ரொறன்ரோவில் கரண்ட் பில் எங்கே கட்டுவது என்று யாரைக் கேட்பார்?

அக்கா அவருடைய மேசையில் தாள்களுக்கு அடியில் கிடந்த படிவத்தைத் தேடாமலே எடுத்தார். கடைசிப் பக்கத்தை விரித்து முன்னால் வைத்துப் பேனையைத் திறந்து கொடுத்தார். அவர் வாங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், குடும்பத் தலைவர், பேனையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வைக்கிறது, அக்கா?"

அக்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.